கோணமலைத் துறையும் மரக்கலமும்

ஒரு துறைமுகப் பட்டினத்தின் பெயர் அந்தத் துறைமுகத்தோடு நின்றுவிடாமல், ஒரு மரத்துக்கும், ஒரு போர்க்கப்பலுக்கும் பெயராக அமைவது உலகில் அரிது. அத்தகைய சிறப்புத் திருக்கோணமலைக்கு உண்டு. மரவணிகர் நெடுங்காலமாகத் 'திருக்கோணமலை மரம்' என்று ஒரு வைர மரத்தைக் குறித்து வந்துள்ளனர். இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள ஆட்டில்பூல் நகரில், 'திருக்கோணமலை' என்ற பெயர் தாங்கிய பழம் பாய்க்கப்பலொன்று இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கின்றது. ஆயின், இத்துறைமுகத்தைச் சூழ்ந்த கடற்கரைக் குடிகள் தத்தம் வீட்டு வளவிலும், வாடியோரத்து மணலிலும் கட்டி மிதக்கவிட்ட கலங்களைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சிறிதே. பெரிய கப்பல்களின் வரலாறு ஏட்டில் ஏறியது. சிறிய தோணிகளின் வரலாறு கட்டியவர் கையோடு போயிற்று. நேயர்களே, அவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இப்பேச்சின் கருத்தாகும்.

முதலில், இத்துறையின் இயல்பை அறிதல் வேண்டும். வங்கக் கடலின் மேற்குக் கரையில் இரண்டு காற்றுகள் ஆட்சி செய்கின்றன. ஒன்று தென்மேற்கிலிருந்து வரும் சோளகம். மற்றது வடகிழக்கிலிருந்து வரும் வாடை. சோளகம் வீசுங்காலத்தில் இலங்கையின் கீழ்க்கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வாடை எழுந்துவிட்டாலோ, சோழமண்டலக் கரை முழுவதும் கொந்தளிக்கும். சென்னைப் பட்டினத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை செயற்கைத் துறைமுகமும் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. புயற்காலத்தில் அவை ஒதுங்குவதற்கு அக்கரையில் இடமில்லை. மலைகள் காவல் நிற்க, ஆழ்ந்த நீர் உள்ளே புகுந்து பரந்து கிடக்கும் கோணமலைத் துறை ஒன்றே அவற்றுக்குப் புகலிடமாயிற்று. போர்த்துக்கேயர் 1624-ஆம் ஆண்டளவில் இங்கே கோட்டை கட்டினர். 1639-இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782-ஆம் ஆண்டு ஒன்றிலேயே சனவரியில் ஆங்கிலேயரிடமும் ஆகத்து இறுதியில் பிரெஞ்சுக்காரரிடமும் இது கைமாறிற்று. 1795-இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தனை போட்டிக்கும் காரணம் மண்ணாசை மட்டுமன்று. வாடைக் காலத்தில் ஒரு கப்பற்படை உயிர் பிழைத்திருக்க வேண்டும் என்ற தேவையே பெருங் காரணமாகும்.

இலங்கையின் மரக்கலங்களைப் பற்றிய செய்தி மேனாட்டு நூல்களில் மிகப் பழங்காலத்திலேயே காணப்படுகின்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞராகிய பிளினி, தப்ரபேன் என்று இத்தீவைக் குறித்து, ஆழங்குறைந்த ஒடுங்கிய நீர்வழிகளில் கலத்தைத் திருப்ப வேண்டியிராதபடி, இங்குள்ள கலங்களுக்கு இரு முனையிலும் அணியம் அமைக்கப்பட்டிருந்தது என்று எழுதியுள்ளார். மாலுமிகள் பறவைகளைக் கலத்தில் கொண்டு சென்று, இடையிடையே பறக்கவிட்டு, அவை செல்லும் திசையைக் கொண்டு கரையை அறிந்தனர் என்றும் அவர் கூறுகின்றார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடற் பெரிப்புளூசு' என்னும் நூல், தமிழ்க் கரையில் பெரு மரங்களை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்த 'சங்கர' என்னும் கலங்களையும், கங்கைக்கும் பொன் நாட்டுக்கும் செல்லும் பெருங்கலங்களையும் வேறு வேறாகப் பிரித்துச் சொல்கின்றது. மரங்களைப் பிணைத்துக் கலம் ஆக்கும் அந்தக் கலையின் மிக எளிய வடிவமே நமது கட்டுமரமாகும். 1697-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பயண நூலில், ஆங்கிலக் கடலோடியாகிய உவில்லியம் தம்பியர் சோழமண்டலக் கரைக் கட்டுமரங்களை அப்பெயராலேயே வருணித்தார். அச்சொல் இன்று 'கட்டமரான்' என்னும் உருவில் உலக மொழிகள் பலவற்றில் வழங்குகின்றது. சொல் நம்முடையது, ஆயின் அச்சொல்லால் அவர்கள் குறிப்பது இரட்டை உடல் கொண்ட வேறொரு கலத்தை என்பது கருதத்தக்கது.

கோணமலைக்குத் தெற்கே, மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவில் நிகழ்ந்த ஒரு செய்தி, மரக்கலத்துக்கும் மனிதர் வாழ்வுக்கும் உள்ள தொடர்பை நன்கு காட்டும். 1659-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19-ஆந் திகதி, மசூலிப்பட்டினக் கரையில் நின்ற 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் நாட்டுவதற்கு ஏற்ற அமைதியான இடம் கொட்டியாரம் என்று கருதி, அக்கப்பல் இங்கு அனுப்பப்பட்டது. கப்பற்றலைவரும், அவர் மகனாகிய இளைஞர் உறொபட்டு நொக்சும், மாலுமிகள் சிலரும் கரையிறங்கிய வேளையில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடைய ஆட்களாற் பிடிபட்டனர். 16 பேர் மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தந்தை 1661-இல் அங்கேயே இறந்தார். மகன் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கழித்து, 1679-இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681-இல் அவர் வெளியிட்ட இலங்கை வரலாறு இன்றும் ஆராய்ச்சியாளர் போற்றும் நூலாகும். ஒரு பாய்மரம் முறிந்தமையால் ஒரு வரலாற்று நூல் பிறந்தது எனலாம். காற்றுக்கு ஈடு கொடுக்கும் மரம் ஒன்று கிடைப்பது அக்காலத்தில் எத்துணைப் பெரிய காரியமாக இருந்தது என்பதும் இதனாற் புலனாகும்.

அத்தகைய மரங்கள் இப்பகுதிக் காடுகளிற் செழித்திருந்தன. பாலை, முதிரை, கருங்காலி என்பவற்றோடு, சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழிற் சவண்டலை என்றும் வழங்கும் மரமே 'திருக்கோணமலை மரம்' என்று பெயர் பெற்றதாகும். இது வைரமுடையது, ஆயினும் வளைந்து கொடுப்பது, உப்பு நீரை நெடுநாள் தாங்குவது. இம்மரம் சென்னைக் கரைக்கு ஏற்றுமதியாயிற்று. அங்கே அதனைக் கொண்டு கட்டப்பட்டவற்றுள் முக்கியமானவை மசூலாப் படகுகள் ஆகும். ஆணியே இல்லாமல், பலகைகளின் விளிம்பில் துளையிட்டுத் தென்னங் கயிற்றாற் தைத்து, தையலின் உட்புறத்தில் வைக்கோல் திணித்துக் கட்டப்பட்ட படகுகள் அவை. சென்னையில் அலை வாயிலாக மனிதரையும் பொருளையும் கரை சேர்த்தவை அப்படகுகளே. ஆணி அறைந்து இறுக்கிய ஐரோப்பியப் படகு அலை மோதியவுடன் பிளந்துபோகும்; தைத்த படகோ அலையோடு சேர்ந்து நெளிந்து, மணலில் இறங்கி நிற்கும். இரும்பு வாங்க வகையில்லாதவர் செய்த குறைவேலை என்று கயிற்றுத் தையலை முற்காலப் பயணிகள் சிலர் எள்ளினர். கடலிலுள்ள காந்தமலை இரும்பை இழுத்துவிடும் என்ற அச்சத்தால் இவ்வாறு செய்தனர் என்று கதை கட்டியவரும் உளர். உண்மை வேறு. கரையின் இயல்பும் அலையின் வேகமும் அறிந்த தொழிலாளர், வேண்டுமென்றே தேர்ந்துகொண்ட முறை அது. கோணமலைக் காட்டு மரமும், தென்னை நாரும், சோழமண்டலக் கரை அறிவும் ஒன்றுகூடியபோது, உலகின் மிகக் கடுமையான அலைவாய்களுள் ஒன்று வணிகத்துக்குத் திறந்தது.

பெயரால் இத்துறையைச் சேர்ந்த போர்க்கப்பலின் கதை இதற்கு நேர்மாறானது. அது கட்டப்பட்ட இடம் பம்பாய். மரம் மலையாளத்துத் தேக்கு. கட்டியவர் பார்சிக் குலத்தவராகிய வாடியா குடும்பத்தினர். அதன் வரைபடங்களை முதலில் ஏற்றி வந்த 'சாவா' என்னும் கப்பல், 1812-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரால் வெல்லப்பட்டது. வரைபடங்கள் போயின, வேலை தடைப்பட்டது. புதிய வரைபடங்கள் வந்து, 1816-இல் அடிமரம் இடப்பட்டு, 1817-ஆம் ஆண்டு ஒக்டோபர் 12-இல் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. இரு நூற்றாண்டுகள் கடந்தும் அத்தேக்கு மரம் மிதக்கின்றது. இதிலே ஆராயத்தக்க செய்தி ஒன்றுண்டு. வரைபடம் தொலைந்தபோது ஒரு பேரரசின் கப்பல் வேலை ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டது. வளவில் தோணி கட்டிய ஓடாவிக்கோ தொலைந்து போவதற்கு வரைபடமே கிடையாது. அது அவன் பலம். அதுவே பின்னர் அவன் தொழிலுக்கு வந்த கேடும் ஆயிற்று.

வீட்டு வளவில் கலம் கட்டும் முறை யாது? மிக எளியது கட்டுமரம். மலைவேம்பு போன்ற இலேசான மரத்தின் துண்டுகளைச் செதுக்கி, நடுமரம் தாழவும் பக்க மரங்கள் சற்று உயரவும் அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றாற் கட்டுவர். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். நீர் ஊறிய மரம் கனத்துவிடும் என்பதே இதற்குக் காரணம். அடுத்தது வள்ளம். ஒரே மரத்தைக் குடைந்து செய்யும் இதற்கு வேண்டிய பருத்த மரங்கள் இங்குக் கிடைப்பது அரிதாகையால், மலையாளக் கரையிலிருந்து வள்ளங்கள் வருவிக்கப்பட்டதும் உண்டு. மூன்றாவது, பலகை பொருத்திக் கட்டும் தோணி. உண்மையான தச்சுக் கலை வெளிப்படுவது இதிலேதான்.

நல்ல நாள் பார்த்து முதலில் இடப்படுவது 'ஏரா' எனும் அடிமரம். அதன் முன்முனையில் அணிய மரமும், பின்முனையில் அமரத்து மரமும் நிறுத்தப்படும். பின்னர்ப் பலகைகள். பலகையை வளைப்பதற்கு இயந்திரம் ஏது? எண்ணெயும் நீரும் பூசி, மெல்லிய தீயில் வாட்டி, கல்லைப் பாரமாக ஏற்றிப் பொறுமையோடு காத்திருப்பர். மேனாட்டு முறையில் கப்பலின் விலா எலும்பு போன்ற சட்டங்களை முதலில் நாட்டி, அவற்றின்மேற் பலகையை அறைவர். நம் கீழைக் கடல்களின் பழைய முறையிலோ, பலகைகளை ஒன்றன்மேலொன்றாகச் சேர்த்து உடலின் வடிவத்தை முதலில் ஆக்கிவிட்டு, அதற்குப் பிறகே 'வங்கு' எனப்படும் சட்டங்களை உள்ளே பொருத்துவர். ஆகவே, கலத்தின் வடிவம் தாளில் இல்லை, சட்டத்திலும் இல்லை, கட்டுபவன் கண்ணிலே இருந்தது. வங்குக்கு வேண்டிய மரத்தை அறுத்து வளைப்பதில்லை. வேம்பிலும் பூவரசிலும் இயற்கையாகவே வளைந்த கிளைகளைத் தேடி எடுப்பர். ஊரிலுள்ள எந்த வேலியில் எந்தப் பூவரசு எவ்வளவு வளைந்து நிற்கின்றது என்பதைத் தேர்ந்த தச்சன் ஆண்டுக்கணக்காகக் கண்ணில் வைத்திருப்பான். இடைவெளிகளிற் பஞ்சும் நாரும் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய பசையால் அடைப்பது 'கலப்பற்று' எனப்படும். பின்னர்ச் சுறா எண்ணெயோ, வேறு எண்ணெயோ பூசப்படும். வாடைக் காலத்தில் கடலுக்குச் செல்ல இயலாத மாதங்களே இவ்வேலைகளுக்கும் பழுது பார்ப்பதற்கும் உகந்தவை. வீட்டார் அனைவருக்கும் அதிற் பங்குண்டு. கயிறு திரிப்போர் ஒருபுறம், பாய் தைப்போர் ஒருபுறம், தீ எரிப்போர் ஒருபுறம். முடிந்த தோணியைக் கடலுக்கு இழுக்கும் நாளில் அயலார் அனைவரும் கைகொடுப்பர். வீட்டில் கட்டிய தோணியேயாயினும், ஊர் கூடாமல் அது நீரைத் தொடுவதில்லை.

இக்கலைக்கு ஏட்டுச் சான்றே இல்லை என்று கூறிவிடுதலும் பொருந்தாது. சென்னையிலுள்ள அரசினர் கீழைச் சுவடி நிலையம் 1950-இல் அச்சிட்ட 'கப்பல் சாத்திரம்' என்னும் தமிழ் நூல், கப்பலுக்கு உரிய மரங்களைப் பற்றியும், ஏராவிற் காணப்படும் கண், சுழி முதலிய குற்றங்களைப் பற்றியும் கூறுகின்றது. இன்ன குற்றமுள்ள மரம் இன்ன தீமை விளைக்கும் என்ற நம்பிக்கைகளை இக்காலத்தவர் நகைத்து ஒதுக்கலாம். ஆயின், கணுவுள்ள இடத்தில் மரம் பலவீனமாக இருக்கும், அங்கேதான் முதலில் வெடிக்கும் என்பதை எவரும் மறுக்க முடியாது. தீமை வரும் என்று அஞ்சிய தச்சன் அம்மரத்தை விலக்கினான்; விலக்கியதால் மாலுமியின் உயிர் காப்பாற்றப்பட்டது. நம்பிக்கையின் உடையில் அனுபவம் மறைந்திருந்தது.

இத்தொழிலின் உச்சத்தைக் காட்டும் நிகழ்ச்சி வடகரையில் நிகழ்ந்தது. வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் புகழ் பெற்ற ஊர். அங்கே 1930-ஆம் ஆண்டில், உள்ளூர்த் தச்சர்கள் கடற்கரையிலேயே, பெரும்பாலும் வேப்ப மரத்தினால், 'அன்னபூரணி' என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலைக் கட்டினர். நீளம் ஏறத்தாழ 90 அடி. முன்னர் 32 அடி நீளமுள்ள சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வந்து புகழ் பெற்றவர் அமெரிக்கராகிய உவில்லியம் அல்பேட்டு உறொபின்சன். பல நாட்டுக் கலங்களையும் கண்டு பழகிய அவர், அன்னபூரணியைக் கண்டு விரும்பி விலைக்கு வாங்கினார். 'புளோரன்சு சி. உறொபின்சன்' என்று பெயர் மாற்றப்பட்ட அக்கப்பலைத் தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் செலுத்திச் சென்றனர். ஏடன், சூயசுக் கால்வாய், மத்தியதரைக் கடல் என்று வழி கடந்து, அத்திலாந்திக்குப் பெருங்கடலையும் தாண்டி, 1938-ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முதலாந் திகதி அமெரிக்காவின் குளோசுற்றர் துறைமுகத்தை அக்கப்பல் அடைந்தது. குளோசுற்றரும் பாய்க்கப்பல் கட்டுவோரும் மீனவரும் நிறைந்த பழம்பதி. அவ்வூரார் முன்னே, வரைபடமின்றிக் கட்டிய வேப்ப மரக் கப்பல் சென்று நின்றது. இதைவிடச் சிறந்த சான்றிதழ் எந்தக் கல்லூரியும் அக்கைவினைஞர்க்கு வழங்கியிருக்க இயலாது.

இவ்வளவு வல்லமை பெற்ற தொழில் ஏன் நலிந்தது? காரணம் ஒன்றன்று. நீராவிக் கப்பலும் புகைவண்டியும் தெருவும் வந்தபின், கரையோரப் பண்டங்களை ஏற்றும் வேலை தோணிகளிடமிருந்து கழன்றது. கோணமலையில் ஆங்கிலேயர் நிறுவிய கடற்படைத் தளம் உருக்குக் கப்பல்களுக்கே உரியதாக இருந்தது. அத்தளம் 1957-ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் இயந்திரப் படகுகளும், அவற்றைத் தொடர்ந்து கண்ணாடி நார்ப் படகுகளும் பரவின. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெரும்புயல் கோணமலைப் பகுதியைத் தாக்கிற்று. பின்னர் நெடும் போர்க்காலம். கடலுக்குச் செல்வதற்குத் தடை. காட்டுக்குச் செல்வதற்கு அச்சம். தொழிலறிந்த குடும்பங்கள் சிதறின. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை, எஞ்சியிருந்த கலங்களுள் மிகப் பலவற்றை அழித்தது. உதவி செய்ய வந்தோர் விரைவாக வழங்கத்தக்க கண்ணாடி நார்ப் படகுகளையே பெரிதும் வழங்கினர். 2009-இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, துறையில் மக்களை ஏற்றி இறக்கிய 'பாதை'க்கும் ஓய்வு கிடைத்தது.

இம்மாற்றங்களை வெறுத்துப் பேசுவது அறிவுடைமை ஆகாது. கண்ணாடி நார்ப் படகு இலேசானது, புழு அரிப்பதில்லை, ஆண்டுதோறும் கலப்பற்று இட வேண்டியதில்லை, காட்டு மரத்தை வெட்டவும் வேண்டியதில்லை. பிள்ளைகளின் பசியாற்ற வேண்டிய மீனவனிடம், பழமைக்காக மரத் தோணியிலே போ என்று கட்டளையிட எவருக்கும் உரிமை இல்லை. பாலம் வந்ததனால் நோயாளி விரைவில் வைத்தியசாலையை அடைகின்றான். அதனை விடப் பெரிய நன்மை யாது? ஆயினும், தொழில் மறைவது வேறு. தொழிலறிவு மறைவது வேறு. தொழில் மறைந்தால் காலம் மாறிற்று என்று ஆறுதல் கொள்ளலாம். அறிவு மறைந்தால், நம் முன்னோர் எவ்வாறு கடலை வென்றனர் என்பதை அயலார் எழுதிய பயண நூல்களிற் தேடிப் படிக்கும் நிலை உண்டாகும். பம்பாயிற் கட்டிய கப்பலுக்கு நாளும் அளவும் தெரிகின்றன. ஆணியும் பலகையும் கணக்கில் இருக்கின்றன. கொட்டியாரக் கரையிற் கட்டிய ஒரு தோணிக்கு, அதைக் கட்டியவன் பெயர்கூட ஏட்டில் இல்லை.

இந்தக் குறையை நீக்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை. கரையோரங்களில் கவிழ்ந்து கிடக்கும் பழந் தோணி ஒன்று மட்கி மண்ணாவதற்கு முன்னே, ஓர் அளவு நாடாவும் ஒரு கொப்பியும் கொண்டு பாடசாலை மாணவர் நால்வர் அதன் நீளத்தையும் அகலத்தையும் வளைவையும் குறித்துக்கொள்ளலாம். வங்குகள் எத்தனை, அவை என்ன மரம், ஆணியா, கயிறா என்று எழுதலாம். ஏரா, அணியம், அமரம், பருமல், கலப்பற்று என்னும் சொற்களை முதியோர் வாயிற் கேட்டு, அவ்வவ் உறுப்பின் படத்தோடு பதிந்து வைக்கலாம். கணக்குப் பாடமும், தமிழ்ப் பாடமும், வரலாற்றுப் பாடமும் ஒரே தோணியில் ஏறி வரும் காட்சி அதுவாகும். வளைந்த பூவரசங் கிளையைக் கண்டதும், இது ஒரு தோணியின் விலா என்று சொல்லத் தெரிந்த முதியோர் இன்னும் அங்கங்கே உள்ளனர். அவர்களைக் கேட்பதற்கு உகந்த காலம் இதுவே. அவர்கள் சொல்லவும் அணியமாயிருப்பர்; கேட்பதற்குத்தான் ஆட்கள் வேண்டும்.